தே தாரேக்குக்கு ஒரு கேளிக்கை உரிமம்

"பொதுமக்கள் கூடும் இடத்தில் பாட்டு, நடனம், நாடகம் ஆகியவற்றை நடத்துவோர் முன்கூட்டியே கேளிக்கை உரிமம் பெற வேண்டும். ஒரே குடும்பத்தினரிடையே நடக்கும் உரையாடல் கேளிக்கை ஆகாது."

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் துணைவிதிகளில் ஆறாவது பிரிவு இது. முதல் வாக்கியம் ஒரு பக்கத்தின் அடியிலும் இரண்டாவது வாக்கியம் மறுபக்கத்தின் தலையிலும் அச்சாகியிருக்கும். முப்பத்திரண்டு ஆண்டு சேவையில் ஒரே ஒரு முறை நான் பக்கத்தைத் திருப்பாமல் முடிவெடுத்தேன்.

போன மாதம் பிரேமா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெறும் சமயத்தில் புதிதாகச் சேர்ந்தவள். இப்போது ஜார்ஜ்டவுனில் எங்கள் பழைய உரிமப் பிரிவையே அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். விண்ணப்பங்கள் எல்லாம் கணினிக்கு மாறிவிட்டனவாம்.

"அங்கிள், நிகழ்ச்சியின் வகைன்னு கேக்குது. பாட்டு, நடனம், நாடகம், படம், அவ்வளவுதான் இருக்கு. 'மற்றவை'ய எடுத்துட்டாங்க லா. நான் என்ன பண்றது?"

எப்பாடுபட்டாவது அதைத் திரும்பக் கேட்டு வாங்கு என்றேன். ஏன் என்றாள். தொலைபேசியில் சொல்லும் நீளத்தில் பதில் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்த எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எல்லோரும் குமாஸ்தாக்கள். நாலாவது தலைமுறையில் நான் வெயிலில் நடக்கும் குமாஸ்தா. அதற்கு அமலாக்க அதிகாரி என்று பெயர். பயிற்சி மூன்று மாதம். கருவி இல்லாமல் இரைச்சலை மதிப்பிடுவது எப்படி, நிற்பவர்களைப் பார்வையாளர்களாகக் கணக்கிடலாமா, கிளி ஜோசியத்தில் உரிமம் ஜோசியருக்கா கிளிக்கா என்பவற்றைக் கற்றுக்கொடுத்தார்கள். (ஜோசியருக்குத்தான். கிளி உபகரணம்.) பிறகு அக்கரையில் செபராங் ஜெயாவில் வீடு வாங்கி, தினமும் பெரிப் படகில் தீவுக்கு வந்து போய், மீதி வாழ்நாளைக் கழித்தேன்.

என் மேலதிகாரி புவான் ஹலிமா. (புவான் என்றால் மலாயில் திருமதி.) கோப்புகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். முடிவு முதலில் தெரிந்தால்தான் அதற்கு வந்த வழி சரியா என்று பார்க்க முடியும் என்பார். குரலை உயர்த்தியதே இல்லை. குறிப்புகளை முதலில் பென்சிலில் எழுதுவார். கோப்பு ஓர் இரவு அவர் மேஜையில் கிடக்கும். மறுநாள் காலை அதே கருத்து இருந்தால் அதன்மேலேயே மையால் எழுதுவார். யாராவது அவசரம் என்று வந்து நின்றால், "எந்த விதிப்படி அவசரம்?" என்று மலாயில் கேட்பார். இதற்குப் பதில் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை.

இனி, கோப்பு.

சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் சூசை என்பவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். முன்னால் தேநீர் மேடை, அங்கே சூசை. பின்னால் சமையலறை, அங்கே அவர் மனைவி ரோஸ்லின். இரண்டுக்கும் நடுவே தட்டு நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல். இருவரும் மாதா கோயில் பாடற்குழுவில் வளர்ந்தவர்கள். குழுவை நடத்திய ஓர் ஓய்வுபெற்ற இசை ஆசிரியர் இவர்களுக்கு வயிற்றிலிருந்து குரலை எடுக்கும் ஓபரா முறையைப் பழக்கியிருந்தார். அந்தப் பயிற்சியில் கடவுளுக்குப் போக மிச்சமிருந்ததை அவர்கள் கடையில் பயன்படுத்தினார்கள்.

அதாவது, வாடிக்கையாளர் வந்து சாதாரணமாக இரண்டு தோசை கேட்பார். சூசை இடது கையை நெஞ்சில் வைத்து, வலது கையில் தேநீர்க் குவளையை ஏந்தி, "ரோஸ்லீஈஈஈன்... தோஓஓசை ரெண்டு..." என்று தரைத்தளத்தில் தொடங்கி மூன்றாம் மாடிவரை ஏறுவார். உள்ளேயிருந்து ரோஸ்லின், "சட்டினி காஆஆரமா, காஆஆரம் இல்லையாஆஆ" என்று நாலாம் மாடியிலிருந்து இறங்கி வருவார். சந்தேகம் வாடிக்கையாளரிடம் திரும்பக் கேட்கப்படும். அதுவும் பாட்டில்தான். கூச்சப்படுபவர்கள் தலையை ஆட்டிவிடுவார்கள். மற்றவர்கள் தைரியம் வந்து, "காஆஆரம்" என்று தங்களால் ஆன அளவு ஏறிப் பார்ப்பார்கள்.

புகார் செய்தவர் பக்கத்துத் தெருவில், காசு கொடுத்து மைக்கில் பாடும் கரவோக்கே கடை வைத்திருந்த குமரேசன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

"சார், நான் வருஷா வருஷம் லைசென்ஸ் எடுக்கறேன். சுவத்துக்கெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கேன். அவரு காலையில ஏழு மணிக்கே ஆரம்பிச்சுடறாரு. மைக்கும் கிடையாது, லைசென்சும் கிடையாது. கூட்டம் அங்கதான் நிக்குது. எப்படி லா, சார்?"

புகார் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் நேரில் பார்வையிட வேண்டும். இரண்டாம் நாளே போனேன். மூலை மேஜையில் உட்கார்ந்து சீனி குறைத்து ஒரு தே தாரேக், அதாவது உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றிய பால் தேநீர், கேட்டேன். "மூலையில் ஒரூஊஊவர், முகத்தில் சிரிப்பில்லை, சீனீஈஈ குறைச்சு" என்று சூசை அறிவித்தார். சமையலறைக்கும் தேநீருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் உள்ளேயிருந்து, "அரசாங்க ஆளாஆஆ இருக்கும்" என்று பதில் வந்தது. கடை சிரித்தது. நான் குறித்துக்கொண்டேன்.

பார்வையிட்டதற்கான படிவத்தில் எட்டுக் கட்டங்கள். கலைஞர்கள்: இருவர். வாத்தியம்: இல்லை. கரண்டியைச் சேர்க்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். பார்வையாளர்: பதினான்கு பேர், உட்கார்ந்த நிலையில். நிகழ்ச்சியின் வகை என்ற இடத்தில் 'பாட்டு' என்றும் இருந்தது, 'மற்றவை' என்றும் இருந்தது. 'மற்றவை'யைக் குறித்தால் விளக்கக் குறிப்பு தனித்தாளில் மூன்று படிகள் எழுத வேண்டும். நாலரை மணிப் பெரியைப் பிடிக்க வேண்டியிருந்தது. 'பாட்டு' என்று குறித்தேன்.

அவ்வளவுதான் என் குற்றம். ஆனால் 'பாட்டு' என்று குறித்த கோப்புக்குத் தானாக ஒரு கால் முளைத்து அது நடக்க ஆரம்பிக்கும். மறுநாள் தடை அறிவிப்பு அச்சாகி வந்தது: விசாரணை முடியும்வரை கடையில் பாட்டு கூடாது, மீறினால் உணவுக்கடை உரிமம் புதுப்பிக்கப்படாது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சூசை அதை இரண்டு முறை படித்தார். "சார், இது பாட்டு இல்ல சார். ஆர்டர் சொல்றது."

"ஏறி இறங்குதே, சூசை."

"எங்க வாத்தியார் சொல்லுவாரு சார், ஓபராவுல ரெண்டு விதம். ஒண்ணு நின்னு பாடற பாட்டு. இன்னொண்ணு பேச்சு. கதவைத் தொறன்னு சொல்றதக்கூட அவங்க ராகத்துலதான் சொல்லுவாங்க. அது பாட்டு கணக்குல வராது."

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல," என்றேன். அது உண்மையல்ல. கட்டம் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, தடை மதிக்கப்படுகிறதா என்று பார்க்க மறுபடி போனேன். மதிக்கப்பட்டது. சூசை ஆர்டரைத் துண்டுச் சீட்டில் எழுதி ஜன்னலில் வைத்து, வரவேற்பு மணி ஒன்றை அமுக்கினார். உள்ளேயிருந்து ஒரு கை வந்து சீட்டை எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தட்டு வந்தது. ஆறேழு பேர் தலை குனிந்து, துக்க வீட்டில் சாப்பிடுவதுபோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கை கழுவப் போனபோது ரோஸ்லின் ஜன்னல் வழியாக என்னை அழைத்தார். "சார், சட்டினி தீர்ந்துபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

'அவர்' ஆறடி தூரத்தில், எங்கள் இருவரையும் பார்த்தபடி நின்றிருந்தார்.

நான் ஆறடி நடந்து, "சட்டினி தீர்ந்துவிட்டதாம்," என்று தெரிவித்தேன். "தேங்காய் வாங்கணுமான்னு கேளுங்க சார்," என்றார் சூசை. நான் திரும்பி நடந்தேன். என் பதவிக்கான கடமைப் பட்டியலில் பதினேழு உருப்படிகள் உண்டு. இது அவற்றில் இல்லை.

"என்ன நடக்குது இங்க?" என்று கேட்டேன்.

சூசை என்னைக் கடைக்கு வெளியே, ஐந்தடி நடைபாதைக்கு அழைத்துவந்தார். "எங்களுக்குள்ள பேச்சு கிடையாது சார். எட்டு வருஷமாச்சு."

காரணத்தையும் சொன்னார். வாத்தியார் காலமான பிறகு பாடற்குழு சூசையின் பொறுப்பில் வந்தது. கிறிஸ்துமஸ் திருப்பலியில் ஒருவர் தனியாகப் பாடும் பகுதியை ரோஸ்லின் இருபது வருஷமாகப் பாடிவந்தார். அந்த வருஷம் சூசை அதைப் புதிதாக வந்த ஒரு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார். சொந்த மனைவிக்கே கொடுக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று. யாரும் சொல்லியிருக்கவில்லை. ரோஸ்லின் கடைசி வரிசையில் நின்று அந்தத் திருப்பலியை முடித்தார். வீட்டுக்கு வந்து சமைத்துப் போட்டார். பேசவில்லை.

"மூணு மாசம் சார். வீட்ல சுவர்க் கடிகாரம்தான் பேசும். ஒரு நாள் கடையில எனக்கு வெறுத்துப்போச்சு. இங்க நின்னு ஓபராவுல ஆர்டர் சொன்னேன். வேணும்னே ஒரு இடத்துல சுருதியக் கீழ பிடிச்சேன். அவளால தாங்க முடியல. உள்ளேருந்து சரியான இடத்தப் பிடிச்சு பதில் சொன்னா. அன்னையிலேருந்து இப்படித்தான். வீட்லயும் அப்படித்தான் சார். கேட்டைப் பூட்டியாச்சாங்கிறதுகூட. பையன் புக்கிட் தெங்காவுல பேக்டரி வேலை. ஞாயித்துக்கிழமை வந்தான்னா காதப் பொத்திக்குவான்."

"தடை கடைக்கு மட்டும்தான். வீட்டில் பாடலாமே."

"கடையில நிறுத்தினதும் வீட்லயும் நிறுத்திட்டா சார். சட்டம்னா சட்டம்தான் அவளுக்கு." குவளையைத் துடைத்த துணியை மடித்தார். "திரும்ப அந்தக் கடிகாரம் சார். உரிமம் போனா வேற வேலை பாத்துக்குவேன். இத என்னால முடியாது."

அன்று நாலரைப் பெரியை நான் பிடிக்கவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி, துணைவிதிப் புத்தகத்தை எடுத்து, ஆறாவது பிரிவைப் படித்து, பக்கத்தைத் திருப்பினேன்.

மறுநாள் புவான் ஹலிமாவிடம் போய், வகையைத் தவறாகக் குறித்துவிட்டேன் என்று எழுத்துமூலம் தெரிவித்தேன். அவர் அதைக் கடைசி வரியிலிருந்து முதல் வரிவரை படித்தார்.

"எதற்காகத் தவறாகக் குறித்தீர்கள்?"

"பெரியைப் பிடிக்க, புவான்."

பென்சிலால் ஏதோ எழுதினார். பிறகு நடைமுறையைச் சொன்னார். குடும்ப உரையாடல் என்று விலக்குக் கோரினால் திருமணப் பதிவின் நகல் வேண்டும். கணவன் மனைவி இருவரும் நேரில் வர வேண்டும். நாங்கள் உரையாடுகிறோம் என்று தனித்தனியாக வாக்குமூலம் தர வேண்டும். ராகத்தில் நடப்பது உரையாடலா என்பதைத் தலைமையகம்தான் உறுதிசெய்ய வேண்டும். அதற்குக் கடிதம் எழுதலாம். வாக்குமூலம் திருப்தியாக இருந்தால் பதில் வரும்வரை தடையை நிறுத்தி வைக்கலாம்.

குறித்த நாளில் இருவரும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உடையில், ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு. முதலில் சூசை. உரையாடுகிறோம் என்று சொல்லிக் கையெழுத்திட்டு வெளியே போனார். அடுத்து ரோஸ்லின். புவான் ஹலிமா மலாயில் கேட்க, ரோஸ்லின் தமிழில் சொல்ல, நான் நடுவில் இருந்தேன்.

"உங்கள் கணவருடன் உரையாடுகிறீர்களா?"

"இல்லீங்க."

நான் உடனே மொழிபெயர்க்கவில்லை. "அக்கா, கேள்வி புரிஞ்சுதா? இதுக்கு 'ஆமா'ன்னு சொன்னாத்தான் காரியம் நடக்கும்," என்றேன்.

"நான் கோயிலுக்குப் போறவ சார். அரசாங்க ஆபீஸ்ல வந்து பொய் சொல்லச் சொல்றீங்களா? அந்த ஆளோட நான் பேசறதில்ல."

மொழிபெயர்த்தேன். பென்சில் நின்றது.

"அப்படியானால் கடையில் என்ன செய்கிறீர்கள்?" என்றார் புவான் ஹலிமா.

"அவரு கேப்பாரு. நான் பதில் சொல்லுவேன்."

"எப்படி?"

ரோஸ்லின் யோசித்தார். "அவரு கேட்டாத்தான் வரும்."

இருவரையும் ஒன்றாக விசாரிக்க விதியில் இடமில்லை. பாடத் தடையும் அமலில் இருந்தது. புவான் ஹலிமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. பத்து நாற்பதிலிருந்து பதினொன்றுவரை, இந்த அறைக்குள் மட்டும், தடையை நிறுத்திவைத்து ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். எழுதினேன். கையெழுத்திட்டார். சூசை உள்ளே அழைக்கப்பட்டார்.

கதவருகே நின்றார். கையில் குவளை இல்லாததால் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டார். தொண்டையைச் செருமினார்.

"ரோஸ்லீஈஈஈன்... வீட்டுச் சாஆஆவி எங்கே?"

அறையில் இருந்த கண்ணாடி அலமாரி லேசாக அதிர்ந்தது. ரோஸ்லின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய உரிமக் கட்டண அட்டவணையைப் பார்த்து, "பைஐஐயில் இருக்கு, இடதூஊஊ பக்கம்" என்றார்.

"மத்தியானத்துக்கூஊஊ மீன் வாங்கணுமா?"

"வாங்கியாஆஆச்சு... கழுவியாஆஆச்சு..."

நான் மீன் வாங்கப்பட்டதையும் கழுவப்பட்டதையும் மலாயில் சொன்னேன். ராகத்தை மொழிபெயர்க்க எனக்கு அதிகாரம் இல்லை. வெளிக் கூடத்தில் எண்ணைக் கூப்பிடும் பெண் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

அப்போது சூசை, நடைமுறைக்குத் தேவையில்லாத ஒன்றைக் கேட்டார். தாழ்வாக, ஏறாமல், ஒரே மாடியில் நின்று: "இன்னும் கோஓஓபமா?"

ரோஸ்லின் கட்டண அட்டவணையை முழுக்கப் படித்து முடித்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்து, நான் கடையில் கேட்டிராத உயரத்துக்குப் போய், அங்கேயே நின்று பதில் சொன்னார். "சட்டினி தீர்ந்தூஊஊஊ போச்சு."

"என்ன சொல்கிறார்?" என்றார் புவான் ஹலிமா.

"கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கிறார், புவான்."

"அப்படியானால் உரையாடல்தான்," என்றார் அவர். "பாட்டில் யாரும் மறுப்பதில்லை. எனக்கும் திருமணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது." பென்சிலை வைத்துவிட்டு நேராகப் பேனாவை எடுத்து எழுதினார். இரவு தாண்டாமல் அவர் மையில் எழுதி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தடை நிறுத்தி வைக்கப்பட்டது. அன்று மாலையே கடையில் தோசை மூன்றாம் மாடிக்கு ஏறியது. குமரேசனுக்கு முடிவைத் தெரிவித்தேன். அவர், "அப்ப என் கடைக்குப் புருஷன் பொண்டாட்டியா வந்து பாடினா லைசென்ஸ் வேணாமா சார்?" என்றார். அதையும் கேள்வி எண் இரண்டாகத் தலைமையகக் கடிதத்தில் சேர்த்தோம்.

ஆறு மாதத்துக்கு ஒரு நினைவூட்டல் என்பது முறை. நான் ஏழு நினைவூட்டல்கள் அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் முந்தையவற்றின் நகல் இணைக்கப்பட்டதால் கடைசிக் கடிதம் பொட்டலமாகத்தான் போனது. இடையில் புவான் ஹலிமா ஓய்வு பெற்றார். அந்தக் கோப்பை மட்டும் கையில் எடுத்துவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

என் சேவையின் கடைசி வாரத்தில் பதில் வந்தது. இரண்டே வரி. முதல் வரி: கணவன் மனைவி தங்களுக்குள் எந்தக் குரலில் பேசிக்கொண்டாலும் அது உரையாடலே, உரிமம் தேவையில்லை. இரண்டாம் வரி: கேள்வி எண் இரண்டு பரிசீலனையில் உள்ளது.

தபாலில் அனுப்பியிருக்கலாம். நானே கொண்டுபோனேன். மாலை நாலு மணி, கூட்டம் குறைவு. ரோஸ்லின் ஜன்னலருகே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக் கடிதத்தை வாங்கினார். மலாய் அரசாங்கக் கடிதங்களுக்கே உரிய வேகத்தில், விரல் வைத்துப் படித்தார்.

தேநீர் மேடையிலிருந்து சூசை, "என்ன கடுதாஆஆசி, எங்கிருந்து வந்த கடுதாஆஆசி?" என்று மேலே ஏறினார்.

ரோஸ்லின் கடிதத்தை மறுபடி மேலிருந்து படித்தார். நாலாக மடித்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அவரை நேராகப் பார்த்து, மாடியும் இல்லாமல் படியும் இல்லாமல், வெறும் குரலில் சொன்னார்.

"நாம பேசிக்கலாமாம்."

சூசை குவளையை உயரத்தில் பிடித்தபடியே நின்றார். தேநீர் விழுந்துகொண்டிருந்தது, கீழ்க்குவளை நிரம்பி, மேடை நிரம்பி, தரைக்கு வந்தது.

"என்னது?" என்றார். அவருக்கும் ராகம் வரவில்லை.

"பேசிக்கலாமாம்னு சொன்னேன். தே ஊத்துது பாருங்க, முதல்ல அதப் பிடிங்க."

கடிதம் கிடைத்ததற்குப் பெறுநர் தம் கையால் தேதி எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நகலை நீட்டினேன். ரோஸ்லின் பேனாவை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த சூசை நிமிர்ந்து சொன்னார்.

ஜூன் பத்தொன்பது.